பிரஷர் பார்ப்பதற்கு முன் கையை அளந்தார்களா?

மருந்துக் கடையில் பிரஷர் மெஷின் வாங்கப் போகிறவர் விலையைக் கேட்பார். எத்தனை வருட வாரண்டி என்று கேட்பார். பேட்டரியா, அடாப்டரா என்று கேட்பார். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் ஒரு வரியை அவரும் பார்ப்பதில்லை, கடைக்காரரும் காட்டுவதில்லை. ‘கைச் சுற்றளவு 22–32 செ.மீ.’ என்பது அந்த வரி. சில மாடல்களில் 22–42 என்று இருக்கும். உள்ளே சுருட்டி வைத்திருக்கும் கைப்பட்டை எவ்வளவு பருமனான கைக்குப் பொருந்தும் என்பதைத்தான் அது சொல்கிறது. அந்த எல்லையைத் தாண்டிய கையில் அதே பட்டையைச் சுற்றினாலும் மெஷின் பெரும்பாலும் மறுக்காது. வழக்கம்போல் உறுமிக்கொண்டு காற்றை ஏற்றும், இறக்கும், இரண்டு எண்களைப் பளிச்சென்று காட்டும். அந்த எண்களை நம்பித்தான் மாத்திரை எழுதப்படுகிறது.

உடல் நிறை குறியீட்டெண் 40-ஐத் தொட்டவர்களைக் கடும் உடல் பருமன் உள்ளவர்கள் என்கிறது மருத்துவம். இவர்களில் பலருக்கு மேற்கையின் சுற்றளவு 42 செ.மீ.யைத் தாண்டிவிடும், 50-ஐத் தொடுபவர்களும் உண்டு. ரத்த அழுத்தம் உயர வாய்ப்பு அதிகம் என்பதால் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டியவர்கள் இவர்கள். தானியங்கிக் கருவிகள் ரொம்பவும் தடுமாறுவதும் இவர்களுடைய கைகளில்தான். ஆனால் எண் கூடுதலாக வந்தால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ‘இந்த உடம்புக்குப் பிரஷர் இல்லாமல் இருக்குமா?’ என்ற ஒரு வாக்கியம் எல்லாச் சந்தேகத்தையும் மூடிவிடுகிறது.

தடுமாற்றம் எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேமி பிரேடி குழுவினர் 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 195 பேரை அழைத்து, ஒவ்வொருவருக்கும் கையை அளந்து, பொருத்தமான பட்டை, அதைவிடச் சிறியது, அதைவிடப் பெரியது என்று மாற்றி மாற்றிச் சுற்றி, தானியங்கிக் கருவியால் பார்த்தார்கள். வழக்கமான பட்டையை எல்லோருக்கும் சுற்றினால் என்ன ஆகும் என்பதே கேள்வி. மெலிந்த கைக்காரர்களுக்கு மேல் அளவு சராசரியாக 3.6 மி.மீ. (பாதரச அளவில்) குறைந்து காட்டியது. பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு 4.8 மி.மீ. கூடியது. மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு 19.5 மி.மீ. கூடியது, கீழ் அளவும் 7.4 மி.மீ. ஏறியது.

கடைசி வகையினரை மட்டும் கவனியுங்கள். பொருந்தும் பட்டையில் அவர்களின் சராசரி மேல் அளவு 124.5. வழக்கமான பட்டையில் அது 144-ஐத் தாண்டியது. முதல் எண்ணோடு வீட்டுக்குப் போனால் ‘உப்பைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க’ என்பதோடு முடியும். இரண்டாவது எண்ணோடு போனால் ஆயுளுக்கும் மாத்திரை. நடுவில் ஆளும் மாறவில்லை, நாற்காலியும் மாறவில்லை. சுற்றிய துணிப்பட்டை மட்டும் மாறியது.

சராசரியில் 5 மி.மீ. பிசகினாலே என்ன ஆகும் என்று 2003-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் 5 மி.மீ. கூட்டிக் காட்டும் கருவி இருந்தால் அந்த ஒரு நாட்டில் மட்டும் கிட்டத்தட்ட 3 கோடிப் பேர் தேவையில்லாமல் மாத்திரைக்குப் போவார்கள் என்றது அந்தக் கணக்கு. இங்கே நாம் பேசுவது 5 அல்ல, 20.

பட்டைக்குள் நடப்பது

கைப்பட்டைக்குள் ஒரு ரப்பர் காற்றுப்பை இருக்கிறது. அதில் காற்று ஏற ஏற, அது தோலையும் கொழுப்பையும் தசையையும் அழுத்தி, எலும்பை ஒட்டி ஓடும் தமனியை நசுக்குகிறது. பை போதிய அகலமும் நீளமும் கொண்டிருந்தால் வெளியே இருக்கும் அழுத்தம் அப்படியே உள்ளே தமனி வரைக்கும் போய்ச் சேரும். பை குறுகலாக இருந்தால், அல்லது கையைச் சுற்றி முழுசாக வராமல் பாதியில் நின்றுவிட்டால், அழுத்தத்தின் ஒரு பகுதி வழியிலேயே சதையில் பரவித் தீர்ந்துவிடும். தமனியை மூட இன்னும் கூடுதல் காற்று வேண்டும். அந்தக் கூடுதல் காற்றையும் ரத்தத்தின் அழுத்தம் என்றே கருவி எழுதிக்கொள்கிறது.

இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் அல்ல. இத்தாலியின் டூரின் நகரில் ஸ்கிப்பியோனே ரீவா-ரோச்சி 1896-இல் முதல் கைப்பட்டைக் கருவியைச் செய்தபோது, சைக்கிள் டியூபைத்தான் காற்றுப்பையாக வைத்தார். அகலம் சுமார் 5 செ.மீ. ஐந்தே ஆண்டில், 1901-இல், ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிக் ஃபான் ரெக்லிங்ஹவுசென், இவ்வளவு ஒடுக்கமான பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டுகிறது என்று எழுதி, இரண்டு மடங்குக்கும் மேல் அகலமான பட்டையைப் பரிந்துரைத்தார். (மருத்துவ மாணவர்கள் பரீட்சைக்கு உருப்போடும் ரெக்லிங்ஹவுசென் நோய் இவருடைய அப்பாவின் பெயரில் உள்ளது. மகன் சொன்னது எந்தப் பரீட்சையிலும் கேட்கப்படுவதில்லை.) ரஷ்ய ராணுவ மருத்துவர் நிக்கோலாய் கொரட்கோவ் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் முறையைச் சொன்னது அதற்குப் பிறகுதான், 1905-இல். பட்டை சிறுத்தால் எண் பெருக்கும் என்பது, நமக்குத் தெரிந்த பிரஷர் பார்க்கும் முறையைவிடவே பழைய செய்தி. பருமனானவர்களுக்குப் பட்டை மாறிப்போவதால் வரும் பிழையை 1982-இல் ‘லான்செட்’ இதழ் தனிக் கட்டுரையாகவே வெளியிட்டிருக்கிறது.

இதிலிருந்து பிறந்த விதி எளிமையானது. காற்றுப்பையின் நீளம் கைச் சுற்றளவில் 80 விழுக்காடு, அகலம் 40 விழுக்காடு. சாதாரணப் பெரியவர்களுக்கான பையின் நீளம் 30 செ.மீ., அகலம் 16 செ.மீ.; அது 27 முதல் 34 செ.மீ. வரையுள்ள கைக்கு. அடுத்தது 44 வரைக்கும். அதற்கு மேல் 52 வரை, தொடைக்கென்று செய்த பட்டை. 48 செ.மீ. கையில் 30 செ.மீ. பையைச் சுற்றினால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கை வெறுமையாகக் கிடக்கும். ரவிக்கை தைக்கக் கொடுத்தால் டெய்லர் முதலில் கைச்சுற்றுக்கு டேப்பை வைக்கிறார். ஆயுளுக்கும் மாத்திரை எழுதும் இடத்தில் அந்த டேப் இல்லை.

சரி, பெரிய பட்டையை வாங்கிப் போட்டால் தீர்ந்ததா? 44 செ.மீ. வரைக்கும் ஏறக்குறைய தீர்ந்துவிடும். அதைத் தாண்டினால் உடலமைப்பே குறுக்கே வருகிறது.

50 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு 40 விழுக்காடு அகலம் என்றால் 20 செ.மீ. கை பருத்த அளவுக்கு நீளவில்லையே! எலும்பின் நீளம் முன்பு இருந்ததுதான். குள்ளமான ஒரு பெண்ணின் மேற்கையில் அக்குளுக்கும் முழங்கை மடிப்புக்கும் நடுவே 20 செ.மீ. அகலப் பட்டை உட்காராது. கீழே வழிந்து முழங்கையை மூடிவிடும். அமெரிக்க இதயக் கூட்டமைப்பின் பரிந்துரையே இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கிறது: பெரிய பட்டைகளுக்கு நீளத்தைக் கூட்டிக்கொண்டே போய், அகலத்தை 16 செ.மீ.யிலேயே நிறுத்திவிட்டது. விதியை எழுதியவர்களுக்கே தெரியும், மிகப் பெரிய கையில் அந்த விதி முழுசாகச் செல்லாது என்று.

அடுத்த சிக்கல் வடிவம். மெலிந்த கை ஏறக்குறைய உருளை. பருத்த கை மேலே அகன்று முழங்கைப் பக்கம் ஒடுங்கும் கூம்பு. பட்டையோ நேரான செவ்வகம்; சுற்றினால் உருளைதான் ஆகும். மேல்விளிம்பு சதையை இறுக்கிப் பிடிக்கும். கீழ்விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும். காற்று ஏறும்போது பை அந்தத் தளர்வான பக்கமாகவே உப்புகிறது. அழுத்தம் கை முழுவதும் சமமாக விழுவதில்லை, எண் கூடுகிறது. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாவ்லோ பாலாத்தினியும் அவருடைய சகாக்களும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, பருத்த கைக்குக் கூம்பு வடிவப் பட்டை வேண்டும் என்று வாதிட்டு வந்தார்கள். ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல் அதை ஏற்றுக்கொண்டது: 42 செ.மீ.க்கு மேற்பட்ட கைக்குக் கூம்புப் பட்டையே நல்லது. மேற்கையில் அளக்கவே முடியாத நிலையில், முறையாகச் சோதிக்கப்பட்ட மணிக்கட்டுக் கருவியைப் பயன்படுத்தலாம்.

கணக்குப் போடும் பெட்டி

இதுவரை சொன்ன குறைகள் பாதரசக் கருவிக்கும் பொருந்தும். தானியங்கிக் கருவிக்கு இன்னொன்று சேர்கிறது. அது கொரட்கோவ் சொன்ன சத்தத்தைக் கேட்பதில்லை. தமனியின் துடிப்பு பட்டைக்குள் இருக்கும் காற்றில் உண்டாக்கும் சின்னச் சின்ன அதிர்வுகளைக் கவனிக்கிறது. காற்று இறங்கும்போது அதிர்வு முதலில் வளர்ந்து, உச்சத்தைத் தொட்டு, தேயும். உச்சம் வரும் இடம் சராசரி அழுத்தம். கருவி நேரடியாகப் பிடிப்பது அந்த ஒன்றைத்தான். மேல் அளவையும் கீழ் அளவையும் அதிர்வின் ஏற்ற இறக்கத்திலிருந்து கணக்குப் போட்டு ஊகிக்கிறது. 1970களின் நடுவில் இந்த வகைக் கருவி ஆஸ்பத்திரிகளுக்குள் வந்த காலம் தொட்டு, அந்தக் கணக்குச் சூத்திரம் ஒவ்வொரு கம்பெனியின் வியாபார ரகசியம். யாருடைய கைகளை வைத்து அதைச் சீர்செய்தார்கள் என்பதும் வாங்குகிறவருக்குத் தெரியாது.

தமனிக்கும் பட்டைக்கும் நடுவே தடித்த கொழுப்பு இருந்தால் அதிர்வு மங்கித்தான் வந்து சேரும். மங்கிய அதிர்வில் உச்சம் எது, சரிவு எது என்று பிரிப்பது கருவிக்குக் கஷ்டம். மறுபடி காற்றை ஏற்றும், முன்னைவிட இறுக்கமாக. வலிக்கும். வலித்தால் பிரஷர் ஏறும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம்.

இந்தப் பெட்டியைத் தவிர்த்துவிட்டுப் பழையபடி பாதரசத்துக்குப் போகவும் முடியாது. பாதரச மாசைத் தடுக்கும் மினமாட்டா உடன்படிக்கை, பாதரச ரத்த அழுத்தமானிகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020-க்குள் நிறுத்தக் கெடு வைத்தது; இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. பாதரசம் போனதில் எனக்கு வருத்தமில்லை. அது போன இடத்தில் எதை உட்காரவைத்தோம் என்பதில்தான் வருத்தம்.

புதிய கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்கச் சர்வதேச அளவில் ஒரு சோதனை முறை இருக்கிறது. அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகளும் ஐ.எஸ்.ஓ.வும் 2018-இல் ஒரே முறையாக அதைத் திரட்டின. குறைந்தது 85 பேரிடம், பயிற்சி பெற்ற இருவர் ஸ்டெதஸ்கோப்பில் கேட்டுச் சொல்லும் அளவோடு கருவியின் அளவை ஒப்பிட வேண்டும். சராசரி வித்தியாசம் 5 மி.மீ.க்குள்ளும், அதன் சிதறல் 8 மி.மீ.க்குள்ளும் இருந்தால் தேர்ச்சி. இதே முறைதான் சிலரைத் தனிப் பிரிவாக ஒதுக்கி, ‘இவர்களிடம் தனியாகச் சோதிக்காமல் சரி என்று சொல்லாதீர்கள்’ என்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், இதயத் துடிப்பு தாறுமாறாக உள்ள ஒரு வகை நோயாளிகள் ஆகியோருடன், கைச் சுற்றளவு 42 செ.மீ.க்கு மேல் உள்ளவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. ‘கிளினிக்கலி வேலிடேட்டட்’ என்று பெட்டியில் அச்சடித்திருந்தால், யாருடைய கையில் என்று கேட்க வேண்டும். சாதாரணக் கைகளில் பாஸான கருவி 48 செ.மீ. கையில் இன்னும் பரீட்சையே எழுதவில்லை.

அந்தத் தனிச் சோதனையிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஒப்பிடுவதற்கு வைத்துக்கொள்ளும் ஸ்டெதஸ்கோப் அளவும் ஒரு பட்டையைச் சுற்றி எடுப்பதுதானே? அந்தப் பட்டையும் செவ்வகமாக இருந்துவிட்டால், இரண்டும் ஒரே திசையில் பிசகி, ஒன்றுக்கொன்று அழகாக ஒத்துப்போகும், கருவி பாஸாகிவிடும். உண்மை தெரிய வேண்டுமானால் தமனிக்குள்ளேயே மெல்லிய குழாய் செருகி நேரடியாக அளக்க வேண்டும். அதைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பெரிய அறுவை சிகிச்சையிலும் செய்யலாம். பிரஷர் பார்க்க வரிசையில் நிற்கிறவருக்குச் செய்ய முடியாது.

சந்தையோ இந்தப் பரீட்சைகளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஆஸ்திரேலியாவில் ஆன்லைனில் விற்கும் வீட்டுக் கருவிகளை 2020-இல் அலசியபோது, பெரும்பாலானவை எந்தச் சோதனையிலும் தேறியதற்கான ஆதாரமே இல்லாதவை என்று தெரியவந்தது. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் ரத்த அழுத்தக் கருவிகள் மருந்துச் சட்டத்தின் கீழ், மருத்துவக் கருவிகளுக்கான 2017 விதிகளின்படி கட்டுப்படுத்தப்படுகின்றன. நல்ல விஷயம். ஆனால் உரிமம் பெற்ற கருவி என்பதாலேயே அது பெரிய கைகளில் சோதித்த கருவி என்று ஆகிவிடாது.

புறநோயாளிப் பிரிவில் ஒரு நிமிடம்

எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் பார்க்கக் கிடைப்பதைச் சொல்கிறேன். நூறு கிலோவைத் தாண்டிய அம்மா ஒருவர் ஸ்டூலில் உட்கார்கிறார். ரவிக்கையின் கை முழங்கைக்குச் சற்று மேலே வரை இறுகப் பிடித்திருக்கிறது. அதை மேலே சுருட்டினால் ரத்த ஓட்டத்தையே கட்டிவிடும். அவிழ்க்க மறைவிடம் இல்லை. சிஸ்டர் ரவிக்கைக்கு மேலேயே பாதியும் தோலில் பாதியுமாகப் பட்டையைச் சுற்றுகிறார். வெல்க்ரோவில் இரண்டு விரற்கடைதான் ஒட்டுகிறது. பட்டனை அமுக்கியதும் காற்று ஏறுகிறது, பட்டை உப்புகிறது, ‘பர்ர்’ரென்று பிரிந்துவிடுகிறது. திரையில் பிழைக் குறி. இரண்டாவது தடவை சிஸ்டர் பட்டையைத் தன் கையாலேயே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். “அசையாதீங்கம்மா.” “ரொம்ப வலிக்குது சிஸ்டர்.” திரையில் 172/104. வரிசையில் பின்னால் முப்பது பேர். சீட்டில் 172/104 ஏறுகிறது.

அந்தச் சிஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் கொடுத்தது ஒரே ஒரு பட்டை. அந்தச் சீட்டில் ஏறிய எண்ணுக்குள் அந்த அம்மாவின் உண்மையான ரத்த அழுத்தம், சிறிய பட்டை, ரவிக்கைத் துணி, வலி, ஆதாரமில்லாமல் தொங்கிய கை எல்லாம் கலந்திருக்கின்றன. கை தொங்குவதற்கே ஒரு விலை உண்டு: அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நடந்து 2024-இல் வெளிவந்த ஆய்வில், மேஜையில் தாங்கி வைக்காமல் மடியில் வைத்த கை மேல் அளவைச் சுமார் 4 மி.மீ.யும், பக்கவாட்டில் தொங்கவிட்ட கை 6.5 மி.மீ.யும் கூட்டின.

அடுத்த மாதம் வருகிறார். அதே பட்டை, ஏறக்குறைய அதே எண். மாத்திரை இரண்டாகிறது. பிறகு மூன்றாகிறது. மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷர் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதப்படுகிறது. வீட்டிலோ, படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்ற சந்தேகப் பார்வையும் சேர்ந்துகொள்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பருமனானவர்களுக்கு உண்மையான ரத்த அழுத்த நோய் அதிகம். தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு சேர்ந்திருந்தால் அது கட்டுக்கடங்காமலும் போகும். பட்டைப் பிழை எல்லாரிடமும் 20 மி.மீ. என்பதும் இல்லை, அது ஒரு கூட்டத்தின் சராசரி. ஒருவருக்கு 5, இன்னொருவருக்கு 30. எதிர்த் திசையிலும் பிழை வரும். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் தமனிக் குழாயோடு ஒப்பிட்ட சில ஆய்வுகள், தானியங்கிக் கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டியதைப் பதிவு செய்திருக்கின்றன. ஆகவே ‘குண்டானவர் என்றால் இருபதைக் கழித்துக்கொள்’ என்ற குறுக்கு வழி செல்லாது.

பிரசவ வார்டில் இந்தத் தடுமாற்றத்துக்கு இரட்டை ஆபத்து. கர்ப்ப காலத்தில் 140/90 என்றால் எச்சரிக்கை. 160/110 என்றால் அவசரம். குறை மாதத்தில் குழந்தையை எடுத்துவிடலாமா என்ற முடிவு வரைக்கும் அந்த எண் இழுத்துப் போகும். கூட்டிக் காட்டினால் பிறக்க வேண்டாத நேரத்தில் ஒரு குழந்தை பிறக்கும். குறைத்துக் காட்டினால் தாய்க்கு வலிப்பு வரும் வரை யாருக்கும் தெரியாது. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதும் அழுத்தம் சரியும்போது, மயக்க மருந்து நிபுணர் நிமிடத்துக்கு நிமிடம் நம்பியிருப்பதும் இதே பட்டையைத்தான்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. உடல் எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகள் 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. இரைப்பை அறுவை சிகிச்சை முன்பே இருக்கிறது. எடை இறங்கினால் ரத்த அழுத்தம் உண்மையாகவே இறங்கும். ஆனால் கையும் மெலிகிறது. முன்பு பொருந்தாத பட்டை இப்போது பொருந்துகிறது. திரையில் இறங்கிய 25 மி.மீ.யில் உடம்பு இறக்கியது எவ்வளவு, பட்டை இறக்கியது எவ்வளவு? ஆரம்பத்திலேயே கையை அளந்து எழுதி வைத்திருந்தால்தான் இதற்குப் பதில் உண்டு. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் அந்தப் பதிலைப் பொறுத்த விஷயம்.

டெண்டரில் சேர்க்க வேண்டியது

தமிழ்நாட்டுக்கு இது வெளிநாட்டு ஆராய்ச்சிச் செய்தி அல்ல. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் உடல் நிறை குறியீட்டெண் 25-ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். எல்லோருக்கும் கை 42 செ.மீ. ஆகிவிடாது. ஆனால் 32-ஐத் தாண்டியவர்கள் ஏராளம். அவர்களுக்கே ‘22–32’ என்று அச்சிட்ட பட்டை போதாது. அதே சமயம், கூலி வேலைக்குப் போகும் மெலிந்த மூதாட்டிகளும் இதே மாநிலத்தில்தான் இருக்கிறார்கள்; அவர்களுடைய கையில் இதே பட்டை தொளதொளவென்று நின்று, இருக்கிற பிரஷரை மறைத்துவிடும். ஒரே அளவுப் பட்டை இரண்டு பேரையும் ஏமாற்றுகிறது.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து தன்னார்வலர்கள் வீட்டு வாசலிலேயே ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். மாத்திரையும் வீடு தேடி வருகிறது. இவ்வளவு பெரிய வலையை விரித்த மாநிலம் அதற்குள் வரும் எண்களைப் பற்றிக் கறாராக இருக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தும் கருவியும் வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், விலையிலும் தரத்திலும் கறார் காட்டியே நாட்டில் பேர் வாங்கிய அமைப்பு. அது எழுதும் டெண்டரில் சில வரிகள் கட்டாயம் வேண்டும்: கருவியோடு குறைந்தது மூன்று அளவுப் பட்டைகள் வர வேண்டும், ஒவ்வொரு பட்டையும் அந்தக் கருவியோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், வட்டத்துக்குச் சில கருவிகளாவது 42 செ.மீ.க்கு மேற்பட்ட கைகளில் தனியாகச் சோதனை செய்து தேறியவையாக, கூம்புப் பட்டையோடு இருக்க வேண்டும். பட்டைக்கான கூடுதல் செலவு, தேவையில்லாத மூன்றாவது மாத்திரையை ஒருவருக்கு ஆயுள் முழுக்கக் கொடுப்பதைவிடக் குறைவுதான்.

‘அந்தக் கருவியோடு சேர்த்து’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு கம்பெனியின் பட்டையை இன்னொரு கம்பெனியின் குழாயில் செருகினால் காற்று ஏறும், எண்ணும் வரும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கணக்கு வேறு பட்டைக்காகப் போட்டது. கடையில் ‘எல்லா மெஷினுக்கும் சேரும்’ என்று தனியாக விற்கும் பெரிய பட்டையை வாங்கி மாட்டுவது, ஒரு பிழையைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவது.

வீட்டில் கருவி வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது இது. முழங்கையை மடக்கி, தோள்பட்டையின் மேல் எலும்புக்கும் முழங்கை நுனிக்கும் சரிபாதியில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். கையைத் தளரத் தொங்கவிட்டு, அந்தப் புள்ளியில் டேப்பைச் சுற்றிப் பாருங்கள். அந்த எண் பட்டையில் அச்சாகியிருக்கும் எல்லைக்குள் வருகிறதா? பட்டையைச் சுற்றினால் ஓரத்துக் கோடு, குறித்திருக்கும் இரண்டு எல்லைக் கோடுகளுக்கு நடுவே விழுகிறதா? விழவில்லை என்றால் அதே கம்பெனியின் பெரிய பட்டையைக் கேளுங்கள். 42-க்கு மேல் போனால், அந்த அளவுக்குச் சோதித்த கருவி இது என்று கம்பெனி எழுத்தில் காட்டினால் மட்டும் வாங்குங்கள்.

அதுவும் கிடைக்காவிட்டால் மணிக்கட்டுக் கருவி. அதற்கு இளக்காரமான பெயர் உண்டு. சாதாரணக் கைக்காரர்களைப் பொறுத்தவரை அந்த இளக்காரம் நியாயமானதுதான். ஆனால் பருமனானவர்களுக்கு உடம்பு எவ்வளவு பருத்தாலும் மணிக்கட்டு பெரும்பாலும் உருளையாகவே, மெலிதாகவே இருக்கும். பருமனானவர்களிடம் எந்த இடத்தில் பட்டையைச் சுற்றினால் நோயைச் சரியாகக் கண்டுபிடிக்கலாம் என்று பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பிரிட்டிஷ் மருத்துவர்களின் 2016 கட்டுரையில், மணிக்கட்டு மேற்கைக்குச் சளைக்கவில்லை. ஒரே நிபந்தனை, மணிக்கட்டு இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். 10 செ.மீ. தாழ்ந்தால் ஏறக்குறைய 8 மி.மீ. கூடிவிடும். மேஜையில் இரண்டு தலையணையை அடுக்கி, அதன்மேல் கையை வைத்து, மார்பின் நடு உயரத்துக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். முன்கையில் பட்டையைச் சுற்றும் பழக்கமும் வார்டுகளில் உண்டு. அது மேல் அளவைக் கூட்டிக் காட்டும் போக்குடையது. வேறு வழியில்லாத இடத்தில் செய்யலாம், முன்கையில் எடுத்தது என்று எழுதி வைத்துவிட்டு.

எழுதி வைப்பதுதான் மருத்துவர்களிடம் கேட்க வேண்டியது. சீட்டில் ‘152/94’ என்று மட்டும் இருந்தால் அடுத்த மாதம் பார்க்கும் மருத்துவருக்கு அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ‘152/94, வலது மேற்கை, பெரிய பட்டை, கைச் சுற்றளவு 41’ என்று இருந்தால் முடியும். ஒரு தடவை அளந்தால் ஆறு மாதத்துக்குப் போதும்; அளக்க அரை நிமிடம் ஆகும். மூன்றாவது மாத்திரையை எழுதப் போகும் முன்பாவது அந்த அரை நிமிடத்தைக் கேட்டு வாங்க நோயாளிக்கு உரிமை உண்டு. டேப் இல்லை என்று சொன்னால், கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.